ரிலீவர் வரும் வரை

1

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கும் அறை இருக்கிறது. ஊரில் சொன்னால் சிரிப்பீர்கள், இங்கே ஸ்வீடனில் துணி துவைக்கக்கூட முன்பதிவு செய்ய வேண்டும். சுவரில் ஒரு பலகை. அதில் நாளும் நேரமும் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். நம் வீட்டு எண் எழுதிய குட்டிப் பூட்டைக் கொண்டுபோய் வேண்டிய கட்டத்தில் மாட்டிவிட்டு வர வேண்டும். கல்யாண மண்டபம் பிடிக்கிற கதைதான். சனிக்கிழமை காலை மட்டும் யாருக்கும் லேசில் கிடைப்பதில்லை.

என் மகன் தினேஷுக்கு இப்போது பதினெட்டு வயது. இந்த நாட்டிலேயே அவனுக்கு ரொம்பப் பிடித்த பொருள் அந்தப் பலகைதான். வீட்டுத் துணி முழுக்க அவன் பொறுப்பு. அவன் அப்பாவின் சட்டை, தங்கை அபியின் ஜீன்ஸ், என் புடவை என்று எதையும் விட மாட்டான். அலசி, உலர்த்தி, மடித்து, கூடையில் அடுக்கி மேலே கொண்டு வந்துவிடுவான்.

போன மாதம் ஒரு மத்தியானம், மூன்றாம் மாடி லென்னார்ட் வந்து கதவைத் தட்டினார். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். இந்த ஊரில் யாரும் சும்மா வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். என்ன குடி முழுகிப் போச்சோ என்று பதறிக்கொண்டு திறந்தேன்.

"உங்கள் மகன் கீழே நிற்கிறான். அவன் நேரம் முடிந்துவிட்டது. துணியெல்லாம் மடித்தாகிவிட்டது. ஆனால் போக மாட்டேன் என்கிறான். மெஷினை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என் முகத்தையே பார்க்கிறான். நான் ஏதோ சொல்ல வேண்டும் போலிருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் சொல்லிவிடுவேன்," என்றார்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அவரோடு இறங்கி ஓடினேன்.

தினேஷ் மெஷின் பக்கத்தில் காவலுக்கு நின்றவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். லென்னார்டைப் பார்த்ததும் தமிழிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"மெஷின் ஒண்ணு ஓகே. மெஷின் ரெண்டு ஓகே. தரை பெண்டிங்."

சொல்லிவிட்டு மெஷினை இரண்டு தட்டு.

"'டேக் ஓவர்' என்று சொல்லுங்கள். சொன்னால் போதும், போய்விடுவான்," என்றேன்.

லென்னார்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, பதவிப் பிரமாணம் எடுக்கிற மாதிரி, "டேக் ஓவர்," என்றார். தினேஷ் கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போயே போய்விட்டான். அன்றிலிருந்து லென்னார்ட் அவனை எங்கே பார்த்தாலும், மாடிப்படியிலும் பஸ் நிறுத்தத்திலும்கூட, "டேக் ஓவர்" என்கிறார். அது எங்கள் ஊர் வணக்கம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அன்று அவன் படியேறிப் போனதும், "பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்களா?" என்று கேட்டார்.

"இல்லை, மண்ணூரில் கற்றுக்கொண்டான்," என்றேன்.

அதற்குமேல் அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? உங்களுக்குச் சொல்கிறேன். சொல்ல ஒரு காரணமும் இருக்கிறது. அதே வாரம், அதற்கு இரண்டு நாள் முன்னால் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. தினேஷ் போன்ற பிள்ளைகள் தனியாக வாழப் பழகுவதற்கு இங்கே ஒரு பயிற்சி வீடு உண்டு. ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. பக்கத்து அறையில் உதவிக்கு ஆள் இருப்பார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து ஞாயிறு வரை அவனை அங்கே விட்டுப் பாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் நான் முடியாது என்று சொல்லியிருந்தேன். ஒரு தடவை குளிரைச் சாக்குச் சொன்னேன். இன்னொரு தடவை என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

உண்மையான காரணம் ஒன்றுதான். இவன் மாதிரிப் பிள்ளையைப் பெற்ற எல்லா அம்மாவுக்கும் உள்ளதுதான். எனக்கப்புறம் யார்?

2

நான் சொல்வது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். நிலம் விற்றவர்கள் கார் வாங்கினார்கள். விற்காதவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டார்கள். மண்ணூரில் நாங்கள் இரண்டாம் ரகம். எங்கள் வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை. தினமும் ஒரகடம் வழியாக பைக்கில் போய் வருவார். பின்னால் கட்டிய ரூமில் தெக்கத்திப் பையன்கள் மூன்று பேர் குடிவந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து இசக்கி, தூத்துக்குடிப் பக்கத்து சவரி, மதுரைப் பாண்டி. மூன்று பேரும் ஒரே கம்பெனி, ஒரே லைன், ஆனால் வேறு வேறு ஷிஃப்ட். அதனால் மூன்று பேருக்கும் ஒரே பாய், ஒரே தலையணை போதும் என்று வைத்துக்கொண்டார்கள்.

தினேஷுக்கு அப்போது பதினொரு வயது. சென்னையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்று எழுதிக்கொடுத்தார். "பயிற்சி குடுத்தா நல்லா வருவான்மா," என்றார். யார் கொடுப்பது, எங்கே கொடுப்பது என்று கேட்டதற்கு அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். மண்ணூரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டு ராணி மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. "நீ செல்லம் குட்த்துக் கெட்த்துகினுகீற," என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

செல்லமாவது ஒன்றாவது! தினமும் எங்கள் வீட்டில் மூன்று சண்டை. பல், குளியல், சாப்பாடு. பற்பசை நாக்கில் பட்டால் நெருப்பு பட்ட மாதிரி அலறுவான். தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் தெருவே எட்டிப் பார்க்கும். நான் ஒரு கையால் அவனைப் பிடித்து, மறு கையால் ஊற்றி, கடைசியில் நான்தான் முழுசாக நனைந்திருப்பேன், அவன் பாதி காய்ந்திருப்பான். சாப்பாட்டில் வெறும் சோறு, வெறும் இட்லி, பொரி. சோற்றில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டால் அந்தத் தட்டையே தொட மாட்டான். விலா எலும்பை எண்ணலாம்.

3

இசக்கிக்குக் குளிர் ஆகாது. ஏ ஷிஃப்ட் என்றால் காலை ஆறு மணிக்கு லைனில் நிற்க வேண்டும், கூட்ரோட்டுக்குக் கம்பெனி பஸ் அதற்கு முன்பே வந்துவிடும். இருட்டோடு எழுந்து, பின்கட்டுத் தொட்டியின் ஜில்லென்ற தண்ணீரில் குளிக்க வேண்டும். அவன் பயத்தில் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டு குளிப்பான்.

"காலுக்கு ஊத்தியாச்சு. ஒண்ணும் ஆவல. இப்பம் கையிக்கு ஊத்தப் போறேன். ஊத்தியாச்சு. இன்னும் நெஞ்சு இருக்கு, முதுகு இருக்கு. தல கடேசி. ஏ சாமி, தலைக்கு ஊத்தப் போறேன், எல்லாரும் பாத்துக்கோங்க!"

தினேஷும் இருட்டோடு எழுந்துவிடுகிறவன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் நான் வாசல் தெளித்துவிட்டுப் பின்னால் வந்தால், என் மகன் டவுசரோடு தொட்டியடியில் நிற்கிறான். சொம்பு அவன் கையில்.

"காலுக்கு ஊத்தியாச்சு. ஒண்ணும் ஆவல," என்றான்.

நான் கையிலிருந்த வாளியைக் கீழே வைக்கக்கூட மறந்துபோனேன். கை முடிந்தது, நெஞ்சு முடிந்தது. "ஏ சாமி!" என்று இசக்கியின் குரலிலேயே கத்திவிட்டுத் தலையில் தானே ஊற்றிக்கொண்டான். அலறவில்லை. சிரித்தான்! இசக்கி துண்டோடு நின்று கை தட்டினான். அப்படியே அவன் வைத்திருந்த வெள்ளைப் பல்பொடியையும் தொட்டு ஈ என்று தேய்த்தான் தினேஷ். அதில் நுரையும் இல்லை, எரிச்சலும் இல்லை.

"எக்கா, ஏங்க்கா அழுதீய? நான் ஒண்ணுமே சொல்லலியே," என்று இசக்கி பயந்துபோனான்.

அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. ராணி வீட்டு வாசலிலேயே போய் நின்று, "எம்புள்ள தானா குளிக்கிறான்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் வந்தது வினை. இசக்கிக்கு ஷிஃப்ட் மாறியது. பி ஷிஃப்ட் மத்தியானம் தொடங்கும், ஆகவே அவன் குளிப்பது உச்சி வெயிலில். தினேஷும் உச்சி வெயில் வரை பல் தேய்க்கவில்லை, குளிக்கவில்லை, இட்லியைத் தொடவில்லை. இசக்கி சொம்பை எடுத்தபோது இவனும் எடுத்தான். அதற்கடுத்த வாரம் சி ஷிஃப்ட். அது ராத்திரி வேலை. ஊரே படுக்கப் போகிற நேரத்தில் என் பிள்ளை பல் தேய்த்து, குளித்து, தலைவாரி, திருநீறு வைத்துக்கொண்டு வந்து இட்லி கேட்டான்.

இசக்கி என்ன செய்வான் பாவம்! அவன் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. இந்தக் கூத்து சிப்காட் பக்கத்து வீட்டில் தவிர வேறெங்கே நடக்கும்? மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்தால், "இன்னாமா, தினேஷ் தம்பிக்கு இந்த வாரம் இன்னா ஷிஃப்ட்டு?" என்று கேட்க ஆரம்பித்தார். நானும் பதில் சொல்ல ஆரம்பித்தேன். ராத்திரி இட்லிக்காக மாவை வேறு நேரத்தில் அரைக்க ஆரம்பித்தேன். குளிக்கிறானே, அது போதும் என்று இருந்தது எனக்கு.

4

வழி சொன்னவன் பாண்டி. மூன்று பேரில் வாய் நீளம் அவனுக்குத்தான்.

"அக்கா, வாரம் யாராச்சும் ஒருத்தன் ஏ ஷிஃப்ட்ல இருப்பம்லக்கா? இசக்கிகிட்டயே ஏன் தொங்கணும்? ஹேண்டோவர் குடுத்துட்டாப் போச்சு," என்றான்.

கம்பெனி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு ஷிஃப்ட் முடிந்து போகிறவன் சும்மா போய்விடக் கூடாது. அடுத்த ஷிஃப்ட் ஆள், ரிலீவர், வந்து நிற்க வேண்டும். எது சரியாக இருக்கிறது, எது மிச்சம் என்று நேருக்கு நேர் சொல்ல வேண்டும். வந்தவன் ஒப்புக்கொண்டால்தான் போகிறவன் கிளம்பலாம். அதுதான் ஹேண்டோவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொட்டியடியில் சடங்கு நடந்தது. தினேஷின் சொம்பை இசக்கி எடுத்துச் சவரி கையில் கொடுத்தான்.

"பல்லு ஓகே. குளியல் ஓகே. டிபன் ஓகே. நகம் பெண்டிங்," என்று சொல்லித் தொட்டிச் சுவரை இரண்டு தட்டுத் தட்டினான்.

"டேக் ஓவர். நீ கெளம்புலே," என்றான் சவரி.

நகம் எப்போதும் பெண்டிங்தான். நகவெட்டியைக் கண்டாலே தினேஷ் ஓடிவிடுவான். தூங்கும்போது நான் திருட்டுத்தனமாக வெட்டிவிட்டால்தான் உண்டு.

தினேஷ் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மறுநாள் காலை சவரியோடு போய்க் குளித்தான். ஏன் ஒப்புக்கொண்டான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பையன்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்புறம் தினமும் ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஹேண்டோவர் நடந்தது. ஏ ஷிஃப்ட் போகிறவன் பி ஷிஃப்ட்காரனை எழுப்பிக் கொடுப்பான், அவன் மத்தியானம் சி ஷிஃப்ட்காரனிடம் கொடுப்பான், அவன் வேலைக்குக் கிளம்பும்போது மறுபடி ஏ ஷிஃப்ட்காரனிடம் கொடுப்பான்.

எங்கள் வீட்டுக்காரர் இதை ஒருநாள் கண்ணால் பார்த்துவிட்டார். வந்ததே கோபம்!

"இன்னா கூத்து இது? எம்புள்ள இன்னா மெஷினா? தட்டித் தட்டிக் குட்த்துகினு கீறீங்க?"

இசக்கியும் சவரியும் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்கள். பாண்டி மட்டும் மெதுவாகச் சொன்னான்.

"மெஷினுன்னு இல்லண்ணே. எங்க லைன்ல அப்டித்தான் பழக்கிருக்காய்ங்க. ரிலீவர் வராம இடத்த விட்டு நகரக் கூடாதுண்ணே. தம்பி ஒத்தையில நிக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

அவர் உள்ளே போய்விட்டார். கோபம் தணியவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் பையன்களோடு பேசவே இல்லை.

அது தணிந்தது ஒரு காது வலியால். தினேஷுக்கு எங்கே வலித்தாலும் வாய் திறந்து சொல்லத் தெரியாது. ஒருநாள் காலை ஹேண்டோவரில் சவரி, "டிபன் பெண்டிங், காதுல கை," என்று சொல்லியிருக்கிறான். மத்தியானம் இசக்கி, "சோறு பெண்டிங், காதுல கை," என்று சொல்லியிருக்கிறான். சாயங்காலம் பாண்டி என்னிடம் ஓடி வந்தான்.

"அக்கா, மூணு ஷிஃப்ட்டாக் காதுல கைன்னே வருதுக்கா. என்னான்னு பாருங்க."

தினேஷின் கை எப்போதும் எங்கேயாவது இருக்கும், காதில் இருப்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இவர் அப்போதே பைக்கில் முன்னால் அவனை உட்காரவைத்து டாக்டரிடம் கொண்டுபோனார். உள்ளே சீழ் வைத்திருந்தது. "நல்ல நேரத்துல வந்தீங்க," என்றாராம் டாக்டர்.

மறுநாள் சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்கட்டுக்குப் போனார்.

"எனக்கும் ஒரு ஷிஃப்ட்டு குடுங்கப்பா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு என்று ஆனது. அதற்குப் பாண்டி வைத்த பெயர் ஜெனரல் ஷிஃப்ட். ஆயிரம் பேருக்கு முன்னால் மேடையில் பொன்னாடை போர்த்தியிருந்தாலும் என் வீட்டுக்காரர் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

5

சாப்பாட்டுக் கதை தனி. அதைச் சொல்லாமல் விட்டால் சவரி கோபித்துக்கொள்வான்.

சவரி பேசவே மாட்டான். ஒருநாள் கேன்டீன் கான்ட்ராக்டரிடம் கேட்டு, நெளிந்துபோன பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை வாங்கி வந்தான். கம்பெனி கேன்டீனில் கொடுப்பார்களே, பள்ளம் பள்ளமாகத் தடுத்த தட்டு. அதில் அவனே பரிமாறினான். பெரிய பள்ளத்தில் சோறு, அடுத்ததில் சாம்பார், அதற்கடுத்ததில் பொரியல், ஓரத்தில் அப்பளம். ஒன்று இன்னொன்றைத் தொடவில்லை.

தினேஷ் வெகுநேரம் தட்டைப் பார்த்தான். குழம்பு ஓடி வரப் போகிறதா என்று காவல் காத்தான். வரவில்லை. முதலில் சோறு முழுவதும் சாப்பிட்டான். அப்புறம் சாம்பாரை மட்டும் தனியாகக் குடித்தான். அப்புறம் பொரியல். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஊட்டினால்தான் அம்மா என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். அந்தக் குழம்பே வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, வேறு வீட்டில் இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறான்! வயிறு நிறைந்த பிள்ளையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்தத் தட்டு இப்போது ஸ்வீடனில் இருக்கிறது. இங்கே பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு இலவசம். ஆனால் தட்டையான பீங்கான் தட்டில் உருளைக்கிழங்கு, அதன் தலையில் பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பு. சேர்ந்த புதிதில் தினேஷ் பட்டினியாகவே வீடு திரும்பினான். நான் போய் டீச்சரிடம் எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் விளக்கினேன். அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும், "ப்ரா, ப்ரா, ப்ரா," என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது, என்ன இந்த அம்மா வகுப்பில் உள்ளாடையைப் பற்றிப் பேசுகிறார் என்று. வீட்டுக்கு வந்து சொன்னால் அபி தரையில் விழுந்து சிரிக்கிறாள். இந்த மொழியில் 'நல்லது' என்பதற்கு அதுதான் வார்த்தையாம். மறுநாள் மண்ணூர்த் தட்டைப் பையில் போட்டு அனுப்பினேன். அன்று தினேஷ் உருளைக்கிழங்கு தின்றான், குழம்பைத் தனியாகக் குடித்தான். டீச்சர் சொன்ன 'ப்ரா' அன்று எனக்கு இனித்தது.

அபிக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்டால் ஸ்வீடிஷில் பதில் சொல்கிறாள். தோழிகள் வந்தால் என்னைச் சமையலறைக்குள்ளேயே இருக்கச் சொல்கிறாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் அண்ணனிடம் மட்டும், பள்ளிக்குக் கிளம்பும்போது, "பல்லு ஓகேவா? டிபன் ஓகேவா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள். அவளிடம் மிச்சமிருக்கிற தமிழில் பாதி ஷிஃப்ட் தமிழ். அது போகாது என்று நினைக்கிறேன்.

6

மண்ணூரை விட்டுக் கிளம்பிய நாளைச் சொல்ல வேண்டும். இவருக்கு இங்கே வேலை கிடைத்து, பெட்டி கட்டி, வாசலில் டாக்ஸி வந்து நின்றுவிட்டது. மூன்று பையன்களும் அன்று எப்படியோ ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே பாய் என்பதால் முந்தின நாள் யாரும் தூங்கவில்லை போலும், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூங்காததால்தான் என்று மூவரும் சாதித்தார்கள்.

இசக்கி தினேஷின் சொம்பைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தான்.

"எக்கா, பல்லு ஓகே. குளியல் ஓகே. டிபன் ஓகே. நகம் பெண்டிங்," என்று சொல்லி டாக்ஸியின் கதவை இரண்டு தட்டுத் தட்டினான்.

நான் சொம்பை வாங்கி முந்தானையால் மறுபடி துடைக்க ஆரம்பித்தேன். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மூன்று பேரும் மரம் மாதிரி நிற்கிறார்கள்.

"சொல்லுங்கக்கா. நீங்க சொல்லாம நாங்க நகர மாட்டம்," என்றான் பாண்டி.

"டேக் ஓவர்," என்றேன். "நீங்க கெளம்புங்கடா."

அவர்கள் கிளம்பவில்லை. டாக்ஸி போகும் வரை அங்கேயேதான் நின்றார்கள்.

வந்து மூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்கு எடுத்த ஷிஃப்டை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. இவர் இருக்கிறார், அபி இருக்கிறாள், பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் நான்தான் லைனில் நிற்கிறேன் என்ற நினைப்பு ஒரு நிமிஷம்கூட விட்டதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தாலும் காது மட்டும் குளியலறைப் பக்கமே இருக்கும். நகராட்சி அனுப்பிய படிவத்தில், 'குளியல்: தானாகச் செய்வாரா, நினைவூட்ட வேண்டுமா, முழு உதவி வேண்டுமா' என்று கட்டங்கள் இருந்தன. தானாகத்தான் செய்கிறான். ஆனால் நான் கதவுக்கு வெளியே நிற்கிறேனே, அதற்கு எந்தக் கட்டம்?

"எத்தினி நாளைக்குடி நீயே நிப்ப?" என்றார் இவர்.

"ரிலீவர் வரட்டும்," என்றேன்.

இதைத்தான் சொல்லிச் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆனால் லென்னார்ட் கதவைத் தட்டிய அன்று சாயங்காலம், மடித்து வைத்த துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடையில் என் புடவை ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. எழுந்து போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

7

போன வெள்ளிக்கிழமை அழைத்துக்கொண்டு போனோம். இவர் காரை நிறுத்திக்கொண்டு கீழேயே இருந்துவிட்டார். மேலே வந்தால் அழுதுவிடுவார், வெளியே சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

சின்ன வீடு, பளிச்சென்று இருந்தது. மரியா என்ற சிறு பெண் உதவிக்கு இருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தினேஷ் பையைத் திறந்து தட்டை எடுத்து அலமாரியில் வைத்தான். சொம்பைக் குளியலறையில் வைத்தான். பல்பொடியை எடுத்து வைத்தான். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து எல்லா விளக்கையும் போட்டு அணைத்தான்.

"இனி நீங்கள் போகலாம்," என்றாள் மரியா, ரொம்ப மரியாதையாக.

என்னால் முடியவில்லை. துண்டை மறுபடி மடித்தேன். தண்ணீர் ரொம்பச் சுடுகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்தேன். குழம்பைத் தட்டில் எந்தப் பள்ளத்தில் ஊற்ற வேண்டும் என்று மரியாவுக்கு இரண்டாம் தடவை காட்டினேன். ரசப்பொடி டப்பாவை இடம் மாற்றி வைத்தேன். அவள் எல்லாவற்றுக்கும், "ப்ரா, ப்ரா," என்றாள். தினேஷுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் மாறி மாறி நடந்தான். கை உதறத் தொடங்கியது. எதற்கோ காத்திருக்கிறான். எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நான் இன்னும் ஹேண்டோவர் கொடுக்கவில்லை!

மரியாவுக்கு எதிரே போய் நேராக நின்றேன். அவளுக்குத் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்தது தமிழ்.

"பல்லு ஓகே. குளியல் ஓகே. சாப்பாடு ஓகே." அவன் விரல்களைப் பார்த்தேன். "நகம் பெண்டிங்."

கதவை இரண்டு தட்டுத் தட்டினேன்.

மரியா பாவம், புன்னகையோடு என்னையும் அவனையும் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? லென்னார்டுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி இவளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் தினேஷ் நடப்பதை நிறுத்திவிட்டு வந்தான். எனக்கும் மரியாவுக்கும் நடுவில் வந்து நின்றான். என்னைவிட ஒரு தலை உயரம். இவ்வளவு நாளும் ஹேண்டோவரின்போது அவன் ஓரமாக நின்று போகிறவன் முகத்தையும் வருகிறவன் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான், அவ்வளவுதான். அன்று வருகிறவன் நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றான்.

"டேக் ஓவர்," என்றான். சவரியின் குரல், சவரியின் இழுவை, அச்சு அசல். "நீ கெளம்புலே."

பெற்ற அம்மாவை 'லே' என்று கூப்பிட்டுவிட்டான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, மூக்கு ஒழுகி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். நான் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, அவனே கதவைத் திறந்து பிடித்தான். ஹேண்டோவர் முடிந்தால் போக வேண்டும், அதுதானே முறை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கீழே இவர் காரின் கண்ணாடியை இறக்கி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"ரிலீவர் வந்துட்டானா?"

"வந்துட்டான்," என்றேன். "வண்டிய எடு. எனக்குப் பசிக்குது."